போகியன்று இருமாதவர்கள்

“நூத்துக்கு எத்தன பேரு பாப்பா?”

இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு ஏகாம்பரம் இதைக் கேட்பது புதிதல்ல. காஞ்சனாவுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, தலையில் பாதி நரை. அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பாதான். காலமெல்லாம் மாநகரப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். அண்ணி போய்ச் சேர்ந்ததும் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். போன ஆடியில் அவருக்கு வலது நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தது. பழைய மருந்துகள் முடியை எடுத்தன, நாக்கின் ருசியை எடுத்தன, கட்டியை மட்டும் தொடவில்லை.

“முப்பது அண்ணே.”

“போன வாரமும் அதான் சொன்ன.”

“வாரா வாரம் மாறுறதுக்கு அது என்ன தக்காளி வெலயா?”

ஏகாம்பரம் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. காஞ்சனா வெந்நீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கம்ப்யூட்டர்ல எறங்கி எறங்கிப் போச்சே, அந்தக் கோட்டுக் கதைய இன்னொரு தபா சொல்லு,” என்றார் மூச்சு வந்ததும்.

“பிராட்வேலருந்து நூறு பேரோட ஒரு பஸ் கெளம்புதுன்னு வெச்சுக்கோ. ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஆளுங்க எறங்கறாங்க. எறங்கறதுன்னா...”

“செத்துப் போறது. சும்மா சொல்லு.”

“பழைய மருந்துல டோல்கேட் வர்றதுக்குள்ள வண்டி காலி. இந்தப் புது மருந்துலயும் மொதல்ல அப்படித்தான் எறங்கறாங்க. ராயபுரம் வரைக்கும் ரெண்டு வண்டிக்கும் வித்தியாசமே தெரியாது. அதுக்கப்புறம்தான் விஷயம். ஒரு முப்பது பேரு எறங்கவே மாட்டேங்கறாங்க. திருவொத்தியூர் தாண்டுது, எண்ணூர் தாண்டுது, அப்படியே உக்காந்திருக்காங்க.”

“வித்தவுட்டா?”

“விளையாடாத. நம்ம உடம்புக்குள்ள இருக்கற போலீசையே உசுப்பி விட்டு, கட்டியப் பிடிக்க வைக்கிற மருந்து அது. ஒரு தடவ பிடிச்சிட்டா அப்புறம் விடாது. ஆனா எல்லாருக்கும் கேக்காது. சில பேருக்கு அது கட்டிய விட்டுட்டு நல்லா இருக்கற நுரையீரலையே அடிச்சிடும்.”

“போலீசுன்னா அப்படித்தான் இருக்கும்,” என்றார் ஏகாம்பரம். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், “எனக்கும் ஒரு சீட்டுல துண்டப் போட்டு வை பாப்பா,” என்றார்.

துண்டு போடுவது அவ்வளவு சுலபமில்லை. அந்த மருந்தைச் சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் காஞ்சனாதான் தலைமைப் புள்ளியியலாளர். ஆனால் அண்ணனுக்கு நோய் வந்தபோது சோதனைக்கு ஆள் சேர்ப்பதை நிறுத்தி வெகுகாலமாகியிருந்தது. வெளியில் காசு கொடுத்து வாங்குவது அவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமில்லை. ஒரே ஒரு வழி இருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் நூற்றுக்கு இருபது பேராவது உயிரோடு இருந்தால், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கொடுக்கலாம் என்று ஒரு நிபுணர் குழு சொல்லியிருந்தது. கணக்கு முப்பது காட்டியது. மாசி மாதக் கூட்டத்தில் அந்தக் கணக்கைப் படித்துவிட வேண்டியதுதான் பாக்கி.

*

அந்த நிலையத்தின் பெருமையெல்லாம் துணைக்குரலில் இருந்தது. சோதனையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஒரு போன் கொடுப்பார்கள். மருந்து ஏற்றும் முதல் வருஷம் முடிந்துவிட்டால் அப்புறம் மருத்துவமனைக்கு அலைய வேண்டியதில்லை. தினமும் சாயங்காலம் போன் கூப்பிடும்; நோயாளி அன்றைய பொழுதைப் பற்றி ஏதாவது பேச வேண்டும். என்ன சாப்பிட்டார், எங்கே வலித்தது, மாடி ஏற முடிந்ததா. அவர் பேச்சில் ஓடும் மூச்சைக் கேட்டே நுரையீரல் எப்படி இருக்கிறது என்று கணித்துவிடும்.

ஆனால் எந்த மனிதன் தினமும் பேசுவான்? கல்யாணத்துக்குப் போவான், தூங்கிப்போவான், சலித்துக்கொள்வான். பேசாத நாள்களெல்லாம் கணக்கில் பொத்தல். அந்தப் பொத்தலை அடைக்கத்தான் துணைக்குரல் வந்தது. நோயாளியின் பழைய பேச்சையெல்லாம் கேட்டுப் பழகி, இன்றைக்கு அவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ அதை அவர் குரலிலேயே அது சொல்லும். சொல்லிவிட்டு வீட்டில் இருப்பவரிடம், “இன்னைக்கு இவர் இப்படித்தான் சொல்லியிருப்பாரா?” என்று கேட்கும். ‘ஆமா’ என்று அழுத்தினால் அதுவே அன்றைய பதிவு. ‘இல்லை’ என்றால் நோயாளியே பேசித் திருத்தலாம்; அவர் பேசாவிட்டால் துணைக்குரலே வேறு மாதிரி சொல்லிப் பார்க்கும். நாளடைவில் பாதிப் பேர் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அவர்களுக்காகக் குரல் பேசியது, வீட்டார் ‘ஆமா’ போட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்துவந்த பணியாளர்களை இனி எதற்கு என்று வேறு பிரிவுகளுக்கு மாற்றினார்கள்.

அந்தக் கேள்வியை எழுதியவள் காஞ்சனா. முதலில் அவள் வேறு ஒன்றுதான் எழுதியிருந்தாள்: ‘நோயாளி உயிருடன் இருக்கிறாரா?’ கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் முகம் சுருங்கியது.

“விளக்கு வைக்கிற நேரத்துல ஒரு வீட்டுக்குப் போன் பண்ணி இதையா கேப்பீங்க?” என்றார் சோதனையின் பொறுப்பாளர் டாக்டர் உதயசங்கர். வெளிநாடுகளில் படித்துத் திரும்பியவர்கள்கூட ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். காஞ்சனாவுக்கே, இதை எப்படி எழுதினோம் என்று கூச்சமாகப் போய்விட்டது. கேள்வியை அடித்தார்கள். இறப்பு நேர்ந்தால் வீட்டாரே ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டுச் சொல்வார்கள் என்று முடிவாயிற்று. அரசின் இறப்புப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேட்டுப் போட்ட விண்ணப்பம் இன்னும் ஏதோ ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு ஊர்ந்துகொண்டிருந்தது.

தை பிறந்து சில நாளில், அறிக்கையில் சேர்க்க அழகாக ஒரு படம் வேண்டுமென்று காஞ்சனா தேடினாள். துணைக்குரல் திட்டம் எவ்வளவு நுட்பமானது என்று காட்ட போகிப் பண்டிகையைவிட நல்ல நாள் ஏது? அன்றைக்குச் சென்னையே பழைய பாயும் டயருமாக எரிந்து புகைந்திருந்தது. புகையைத் தாங்காத அந்த நுரையீரல்கள் அன்று படாத பாடு பட்டிருக்கும். கணக்கில் அது தெரிய வேண்டும்.

தெரிந்தது. பேசியவர்கள் எல்லோரும் இருமியிருந்தார்கள். துணைக்குரலிடம் விட்டிருந்தவர்களின் வீடுகளில்கூட அன்று ‘இல்லை’ என்று அழுத்தியிருந்தார்கள். இயந்திரத்துக்குப் போகியும் தெரியாது, டயரும் தெரியாது. அது வழக்கம்போல மூச்சு நன்றாயிருக்கிறது என்று சொல்ல, அந்தப் பக்கம் கட்டிலில் ஆள் இருமிக்கொண்டிருந்தால் யார் ‘ஆமா’ போடுவார்கள்?

சிலர் போட்டிருந்தார்கள். அவர்கள் யார் யார் என்று காஞ்சனா ஒவ்வொரு பெயராக எடுத்துப் பார்த்தாள். எண்ணூர் தாண்டியும் பஸ்ஸிலிருந்து இறங்காதவர்களில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

*

யாரையும் அனுப்ப மனம் வராமல் அவளே போனாள். முதல் வீடு எர்ணாவூரில், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. துறைமுகத்தில் சுமை ஏற்றிய கன்னியப்பன் என்பவரின் வீடு. கணக்கின்படி கன்னியப்பனுக்கு மூச்சு சீராக இருந்தது, பசி நன்றாக எடுத்தது.

கதவைத் திறந்தது அவர் மனைவி பிரேமாவதி. காஞ்சனா எங்கிருந்து வருகிறாள் என்று சொன்னதும், “வாம்மா வா, உக்காரு,” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். எதிர்ச் சுவரில் கன்னியப்பன் சந்தன மாலையோடு மாட்டப்பட்டிருந்தார். படத்தின் அடியில் சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது.

யாரும் எதையும் மறைக்கவில்லை. இந்தக் குடியிருப்பில் தண்ணீர் பிடிக்க வரும் எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். புள்ளியியலுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

“எப்பம்மா?” என்றாள் காஞ்சனா.

“போன வைகாசிக்கு மின்ன வைகாசி. நல்லாத்தான் இருந்தாரும்மா. கட்டி சுருங்கிடுச்சுன்னு அங்க சொன்னாங்கோ. திடீர்னு ஒருநாளு மூச்சு வாங்க ஆரம்பிச்சிச்சு. ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு.”

கட்டி சுருங்கிய பிறகு திடீரென்று மூச்சுத் திணறல். அது நோய் செய்யும் வேலையில்லை என்று காஞ்சனாவுக்குத் தெரியும். மருந்து செய்திருக்கிறது. அந்தச் சாவும் கணக்கில் இல்லை.

“எங்களுக்குச் சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லணும்னுதான் இருந்தேன். எடுத்துனு போயிட்டு வந்து, வூடு கழுவி, வெளக்கேத்தி வெச்சிட்டு அப்டியே ஒக்காந்திருக்கேன். போன் அடிக்குது. எடுத்தா அவரு பேசறாரு. ‘இன்னிக்கி கொஞ்சம் அசதியா கீது. கஞ்சிதான் குடிச்சேன். மத்தபடி பரவால்ல’ன்றாரு.” பிரேமாவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இவரு இப்டித்தான் சொல்லியிருப்பாரான்னு கேட்டிச்சு. அவரு இருந்தா அப்டித்தாம்மா சொல்லியிருப்பாரு. ஆமான்னு அமுக்கினேன். நான் ஒண்ணும் பொய் சொல்லலியே?”

பொய் இல்லைதான். கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள்.

“மறுநாளும் அடிச்சிச்சு. அப்புறம் நம்மள அறியாமயே சாயங்காலம் ஆனா காது அங்கயே பூடும். ஒருநாளு பாவக்கா சாப்ட்டேன்னு சொல்லிச்சு. இந்த ஆளு ஜென்மத்துல பாவக்காய தொட்டதில்ல. இல்லன்னு அமுக்கினேன். திரும்பி ரசஞ்சோறுன்னு திருத்திக்கிச்சு. இப்டி ஒண்ணொண்ணா நான் இல்ல இல்லன்னு சொல்லிச் சொல்லி, இப்ப அச்சு அசலு அவரேதாம்மா. கோவம்கூட வருது.” அவள் சிரித்தேவிட்டாள். “போகி அன்னிக்கி கீழ டயரக் கொளுத்திட்டானுங்கோ. எனக்கே நெஞ்ச அடச்சிச்சு. அவரு மூச்சு நல்லாக்கீதுன்னாரு. ஆமான்னு போட்டேன். அந்தப் பொகையிலயும் அவரு நல்லா இருந்தாரேன்னு சந்தோசமா இருந்திச்சு.”

படியிறங்கும்போது பின்னாலேயே வந்து காஞ்சனாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ பெரிய வேலையில இருக்கறவ மாதிரி கீற. அத மட்டும் நிறுத்திடாதம்மா. வேற எதுவும் கேக்கல.”

பாக்கி வீடுகளுக்கும் போனாள் காஞ்சனா. மணலி, கொருக்குப்பேட்டை, அம்பத்தூர். எங்கும் மாலை போட்ட படம், எங்கும் சாயங்காலத்துக்குக் காத்திருக்கும் ஒரு போன். ஓர் அப்பா, மகளின் குரல் ‘சாப்பிட்டேன்’ என்று சொன்ன பிறகே தான் சாப்பிட உட்காருவதாகச் சொன்னார். ஒருத்தர் மட்டும் கதவைத் திறந்ததுமே, “கண்டுபிடிச்சிட்டீங்களா?” என்று கேட்டு அழுதுவிட்டார். காஞ்சனாவுக்குக் கால் வலியைவிட மனசு வலி பெரிதாக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் காபி குடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போவதுபோல் இருந்தது.

*

“எவ்வளவுக்கு எறங்குது?” என்று கேட்டார் டாக்டர் உதயசங்கர். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“பன்னெண்டு சார். மீதி சீட்ல ஆள் இல்ல. துண்டுதான் கிடக்கு.”

“அந்தப் பன்னெண்டு பேர்?”

“பாத்துட்டு வந்தேன். ஒருத்தர் மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு இருந்தார். பேரம் பேசினா நல்லா மூச்சு வாங்குது, ஆனா பேசறார்.”

டாக்டர் கண்ணாடியை மேஜையில் வைத்தார். “இருபதுன்னு ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க. நீங்க இதக் கொண்டுபோய்ப் படிச்சா, இன்னும் ஆதாரம் வேணும்னு ஒத்திப்போடுவாங்க. ரெண்டு வருஷம், மூணு வருஷம். அதுக்குள்ள நூத்துல பன்னெண்டு பேரக் காப்பாத்தியிருக்கலாம் காஞ்சனா. அதுவும் உண்மைதானே?”

“உண்மைதான்.”

“யாரும் ஏமாத்தல. நம்ம சொன்ன விதிப்படிதான் எண்ணியிருக்கோம். விதியில ஓட்டை இருந்துச்சு, அவ்வளவுதான். அடுத்த சோதனைல சரி பண்ணிக்கலாம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்க அண்ணன் எப்படி இருக்கார்?”

அவர் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. அக்கறையாகத்தான் கேட்டார். அதுதான் தாங்க முடியவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஒரு வரிகூடப் பொய் எழுத வேண்டாம். சித்திரைக்குள் அண்ணன் கையில் ஊசி ஏறிவிடும். பன்னிரண்டு என்றாலும் அது பூஜ்யமில்லையே?

“இன்னொரு நம்பர் இருக்கு சார்,” என்றாள். “கட்டி சுருங்கினதுக்கு அப்புறம் திடீர்னு மூச்சு வாங்கிப் போனவங்க. நம்ம நூத்துக்கு ரெண்டே ரெண்டுன்னு எழுதியிருக்கோம். அந்த வீடுகள்ல கேட்டுக் கேட்டுச் சேத்தா நூத்துக்கு ஒம்பது வருது. மருந்து இல்லாம இருந்திருந்தா அவங்க இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாங்க.”

“பன்னெண்டுக்கு ஒம்பது,” என்றார் டாக்டர் மெல்ல.

“முப்பதுக்கு ரெண்டுன்னு நம்பித்தான் ஒவ்வொருத்தரும் கைய நீட்டுவாங்க.”

எங்க அண்ணனும் அப்படித்தான் நீட்டுவார் என்று சொல்ல வந்து விட்டுவிட்டாள். டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “நீங்க எதைக் கொடுத்தாலும் நான் கையெழுத்துப் போடறேன்,” என்றார். அவர் செய்ததிலேயே பெரிய கொடுமை அதுதான். முடிவை அவள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

காஞ்சனா மூன்று நாள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் காலைச் சாப்பாட்டைத் தவிர்த்தாள். நான்காம் நாள் பன்னிரண்டையும் ஒன்பதையும் எழுதி அனுப்பினாள்.

விதி என்று ஒன்று இருந்தது. இறந்தவரின் துணைக்குரலை உடனே அழித்துவிட வேண்டும். அந்தக் குரலையாவது வீட்டாரிடம் கொடுக்கலாமே என்று காஞ்சனா மேலிடத்தில் மன்றாடிப் பார்த்தாள். நோயாளியின் சம்மதம் வேண்டும் என்று பதில் வந்தது. நோயாளியை எங்கே போய்க் கேட்பது? அழிக்கும் ஆணை அவள் பெயரில்தான் போனது. அன்று சாயங்காலம் எர்ணாவூரில் இரண்டாம் மாடியில் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு வந்ததும், அலுவலகக் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள்.

*

மாசிக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவளது நேர்மையைக் குழுத் தலைவர் வாயாரப் பாராட்டினார். மருந்தை ஒத்திப்போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ஏகாம்பரம் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். இந்த ஒரு மாதத்தில் சட்டை இன்னும் தொளதொளத்துப் போயிருந்தது. தெருவில் போன பஸ் எந்த கியரில் போகிறது என்று காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். காஞ்சனா கைகால் கழுவிவிட்டு வந்து சாமி மாடத்தில் விளக்கில் எண்ணெய் ஊற்றினாள்.

“இன்னா பாப்பா, மீட்டிங் முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது.”

“நம்பரு ஒண்ணும் மாறலயே? நூத்துக்கு முப்பதுதானே?”

தீக்குச்சி பற்றிக்கொண்டது. காஞ்சனா திரும்பிப் பார்த்தாள். அண்ணன் இவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடிதான் கேட்டார். பன்னிரண்டு என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஆனால் விளக்கு வைக்கிற நேரம் அது.

“ஆமா,” என்றாள்.

“அப்ப நம்ம துண்டு சீட்டுல கெடக்குது.”

“கெடக்குதுண்ணே.”

ஏகாம்பரம் திருப்தியாகச் சிரித்தார். சிரிப்பு வழக்கம்போலப் பாதியில் இருமலாக மாறி, நாற்காலியையே ஆட்டியது. எப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் ஓடிப்போய் நெஞ்சைத் தடவிவிடும் காஞ்சனா, இன்றைக்குக் கருகிய தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று, போகியன்று எர்ணாவூர் வீட்டில் கேட்காத அந்த இருமலைக் கடைசி வரை கேட்டாள்.

“ஊசி வர்ற வரைக்கும் இப்டி இருமிக்கினே கெடக்க வேண்டியதுதான்,” என்றார் அவர், மூச்சு வாங்கியபடி.

“இருமுண்ணே,” என்றாள் காஞ்சனா. “நல்லா இருமு.”